முப்பத்தோராவது கிலோமீட்டர்

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் தம்பி கையெழுத்துப் போடப்போறான். போட்டுட்டான்னா எல்லாம் முடிஞ்சுது," என்றார் அந்தப் பெண். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நேராக வந்திருந்தார்; பேருந்துச் சாவி இன்னும் விரலில் தொங்கியது.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு வருடம் வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் நசுங்கிய கார்களையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து, எது எதை இடித்தது என்று எழுதிக்கொடுத்தவர். வேலையை விட்டபின் தனியாகத் துப்பறியத் தொடங்கினார். பேச்சிலும் நடையிலும் அவசரம் என்பதே கிடையாது. அதனால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அது நாளடைவில் அலுவலகப் பலகையிலும் ஏறிவிட்டது.

"என்ன கையெழுத்து?" என்றார் நிதானம்.

"ஒரு ஆளை லாரியில இடிச்சேன், பயந்துபோய் இறங்கி உடம்பைத் தூக்கி ரோட்டோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வடிகால்ல போட்டேன்னு எழுதி வெச்சிருக்காங்க. போட்டா விபத்து, போடலைன்னா கொலைன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. ஒன்பது நாளாச்சு. இவனும் சரி, போட்டுடறேன்னுட்டான்."

"அவர் செஞ்சாரா?"

"செய்யலை. ஆனா இப்ப அவனே செஞ்சேன்னு நம்ப ஆரம்பிச்சுட்டான் மேடம். அதுதான் எனக்குத் தாங்கலை."

மூலையில் உட்கார்ந்து ஒரு பழைய டாக்சி மீட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் திருப்புளியைக் கீழே வைத்தார். நாற்பது வயதுவரை மீட்டர் பழுது பார்த்தவர், எல்லோருக்கும் 'மீட்டர்'. நிதானத்துக்கு உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. தெரிந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது.

"உட்காருங்கக்கா," என்றார் மீட்டர். "முதல்லேருந்து சொல்லுங்க."

அக்கா உட்கார்ந்தார். சொன்னதன் சாரம் இதுதான். ஊருக்கு வெளியே விரைவுச்சாலை. அதில் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி. தொடக்கத்தில் சாலைக்கு மேலே ஒரு கேமரா வளைவு, முடிவில் ஒன்று; இரண்டையும் தாண்டிய நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுவார்கள். கார் நூறு கிலோமீட்டர் வேகம் வரை போகலாம், லாரி எண்பது. ஒன்பது நாளைக்கு முன் காலை ஏழேகாலுக்கு, முப்பத்தோராவது கிலோமீட்டரில், ஓரத்தடத்தில் நின்ற ஒரு பராமரிப்பு வேனை ரோந்து வண்டிக்காரர்கள் பார்த்தார்கள். டிரைவர் பக்கக் கதவு விரியத் திறந்து, விளிம்பு ஒடுங்கியிருந்தது. தார்மேல் லாரிக் கண்ணாடிச் சில்லு. தடுப்புக் கம்பிக்கு அப்பால் வடிகாலில் கேமரா டெக்னீஷியன் மண்டை உடைந்து கிடந்தார். எப்போதும் ஏணிமேல் இருப்பதால் அவரை எல்லோரும் 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சில்லு, அக்காவின் தம்பி ஓட்டிய லாரியின் இடது பக்கவாட்டுக் கண்ணாடியோடு பொருந்தியது.

"அவன் இடது கடைசித் தடத்தை விட்டு நகரவே மாட்டான். லாரி அங்கதானே போகணும்? ஏதோ பட்டுன்னு அடிச்சுது, கதவு மாதிரி இருந்துச்சுங்கறான். விரைவுச்சாலையில நிறுத்தக் கூடாதுன்னு நேரா வந்துட்டான். இதான் அவன் செஞ்சது."

நிதானம் அவர் கொண்டுவந்த நகலைப் புரட்டினார். "முதல் வளைவு ஆறு பதினொண்ணு. இரண்டாவது வளைவு ஆறு நாற்பத்தொண்ணு, நாற்பத்தாறு விநாடி. சராசரி எழுபத்தெட்டு."

"மேடம், அவன் வண்டியில ஸ்பீடு கவர்னர் இருக்கு. என் பஸ்ஸுல இருக்கற மாதிரியே. எண்பதைத் தாண்டினா டீசலை அதுவே குறைச்சுடும். மிதிச்சு மிதிச்சுக் கால்தான் வலிக்கும். முத்திரை உடையாம இருக்கு, போலீஸே பார்த்தாங்க."

மீட்டர் துள்ளி எழுந்தார். கண்கள் பளபளத்தன. "அப்படின்னா..."

"இரு. முதல்ல போய்ப் பார்ப்போம்," என்றார் நிதானம்.

*

காவல் நிலையத்தில் தம்பி, சுவரோடு ஒட்டிப் போட்ட பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்காரன். அக்காவைப் பார்த்ததும், "பசங்களை இறக்கிவிட்டுட்டியா?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

"கதவைப் பார்த்தியாப்பா?" என்றார் நிதானம்.

"பார்த்தேன். மங்கலா இருந்துச்சு. திறந்திருக்கேன்னு நினைக்கறதுக்குள்ள அடிச்சுது. ஆளைப் பார்க்கலை." கொஞ்சம் நிறுத்தினான். "பார்க்கலைன்னுதான் நினைக்கிறேன். ராத்திரியெல்லாம் யோசிச்சா, அங்க ஒரு ஆள் நின்ன மாதிரியும் இருக்கு."

"டேய்!" என்றார் அக்கா.

"நானே கொன்னிருப்பேன்க்கா. வேற யாரு?"

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். கோப்பைத் தள்ளிவைத்து, "டாக்டர் என்ன எழுதியிருக்காரு? உருண்டையான இரும்புக் கம்பியால பட்ட அடின்னு. கண்ணாடியைத் தாங்கற கம்பி உருண்டைதானே? உடம்பு கம்பிக்கு அந்தப் பக்கம் தானா தாவிப் போகுமா? யாரோ நின்னு தூக்கிப் போட்டிருக்காங்க. இவன்தான்," என்றார்.

"நிக்க நேரம் இருந்துச்சா?"

"லாரிக்காரங்களைப் பத்தித் தெரியாதா மேடம்? வேகமா அழுத்திட்டு வந்து, நடுவுல நின்னிருப்பான். கடைசியில சராசரி எழுபத்தெட்டுதான் வரும்."

"அந்த நேரத்துல வேற யார் போனது?"

"மொத்தம் பதினொரு வண்டி. அதுல விரைவுச்சாலைப் பகுதி மேலாளரோட காரும் ஒண்ணு. 'ஏணி நின்னுக்கிட்டிருந்தாரு, கதவு மூடியிருந்துச்சு, எனக்குக் கை ஆட்டினாரு'ன்னு அவரே வந்து வாக்குமூலம் குடுத்தாரு. ஆறு ரெண்டுக்கு முதல் வளைவு, ஆறு இருபத்தாறரைக்கு ரெண்டாவது. தொண்ணூத்தெட்டுல சீரா ஓட்டியிருக்காரு. நின்னிருக்க வழியே இல்லை."

நிதானம் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் மீட்டர், "மேடம், இவன்னா நின்னிருப்பான், அவர்னா நின்னிருக்க மாட்டாரு. ஒரே மாதிரி சராசரிக்கு ரெண்டு அர்த்தமா?" என்று பொருமினார்.

"அதைத்தான் நானும் எழுதினேன்."

*

முப்பத்தோராவது கிலோமீட்டரில் பார்க்க அதிகம் இல்லை. ரோந்து வண்டி பின்னால் விளக்கைச் சுழற்றியபடி நிற்க, இருவரும் ஓரத்தடத்தில் இறங்கினார்கள். லாரிகள் கடக்கும்போதெல்லாம் காற்று உடையைப் பிடித்து இழுத்தது. மூன்று தடங்கள்: இடது கனரக வண்டிகளுக்கு, நடு கார்களுக்கு, வலது முந்துவதற்கு மட்டும். சாலைக்கு மேலே மின்பலகை ஒன்று 'நூறு' என்று காட்டியது. மூடுபனி வந்தால் அதில் அறுபது என்று மாற்றுவார்கள். மாற்றியதும் அதுதான் சட்டம்.

பலகையின் கால் பக்கம் ஒரு இரும்புப் பெட்டி. மீட்டர் அதன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"மேடம், இந்தப் பெட்டி எந்த நேரத்துல எந்த எண்ணைக் காட்டுச்சுன்னு தனக்குத்தானே எழுதி வெச்சுக்கும். அலுவலகத்துல என்ன மாத்தினாலும் இது மாறாது. அந்த ஞாபக அட்டை இங்க இருக்கணும்." விரலால் காட்டினார். வெறும் பொந்து. "அட்டையைக் காணோம்."

இரண்டு கிலோமீட்டர் போனதும், முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், தடுப்புக் கம்பியின் ஒரு நீளம் மட்டும் புதிதாக மின்னியது. அருகில் தார் கருகியிருந்தது. ரோந்துக்காரர், "போன மாசம் மூடுபனியில. ஒரே குடும்பம், நாலு பேரு. பலகை அறுபது காட்டியும் கார்க்காரர் நூறுல வந்தாராம்," என்றார்.

நிதானம் கருகிய இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

*

விரைவுச்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். அவற்றின் முன் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் பேசுகருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"வேன் அவ்வளவு நேரம் நின்னிருக்கே, உங்களுக்குத் தெரியலையாம்மா?" என்று மீட்டர் கேட்டார்.

"இங்க ஓரத்தடத்துல எந்த வண்டி நின்னாலும் மணி அடிக்கும் சார். ஓடற தடத்துல அறுபதுக்குக் கீழ போனாலும் அடிக்கும். நாற்பது கிலோமீட்டருக்கும் தரைக்கு அடியில உணரி பதிச்சிருக்கு. ஆனா வேலைச் சீட்டு குடுத்தா அந்த இடத்துல மட்டும் அணைச்சுடுவோம். இல்லைன்னா நம்ம வண்டிக்கே அடிச்சுக்கிட்டிருக்கும். அன்னைக்கு முப்பதரையிலேருந்து முப்பத்தொண்ணரை வரைக்கும் அணைச்சிருந்தேன்."

"வேற எங்கேயாவது மணி அடிச்சுதா?"

"அன்னைக்குக் காலையில ஒரு தடவைகூட இல்லை."

"வேலைச் சீட்டு யார் யாருக்குத் தெரியும்?" என்றார் நிதானம்.

"எனக்கு, ஏணி அண்ணனுக்கு, கையெழுத்துப் போட்ட மேலாளருக்கு." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாராவது தெரியாதவங்க ஓரத்தடத்துல வந்து நின்னா அண்ணன் உடனே எனக்குக் கூப்பிடுவாரு. அது விதி. அன்னைக்குக் கூப்பிடலை."

அறைக் கதவு திறந்தது. மேலாளர் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கனிவான முகம். "பாவம், நல்ல மனுஷன் ஏணி. லாரிகள் தடம் விட்டுத் தடம் போறதை நிறுத்தாத வரைக்கும் இப்படித்தான்," என்று பெருமூச்சு விட்டார். பிறகு இருவரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு அபராதச் சீட்டு குத்தியிருந்தது. மீட்டர் குனிந்து பார்த்தார்.

"அட, இது உங்களுக்கே வந்ததா சார்?"

மேலாளர் சிரித்தார். "ஆமா. தடப் பிரிவு மாடியில இருக்கு. அவங்க இயந்திரம் ஆளைப் பார்க்காது. அன்னைக்குக் காலையில ஏதோ யோசனையில வலது தடத்துலயே போயிருக்கேன். முந்தறதுக்கு வண்டியே இல்லாம ரெண்டு கிலோமீட்டர் அந்தத் தடத்துல இருந்தா சீட்டு வந்துடும். உடனே கட்டிட்டேன். நான்தான் இதை இங்க குத்தச் சொன்னேன். சட்டம் எனக்கும்தான்னு எல்லாரும் பார்க்கட்டுமே!"

சீட்டில் இரண்டு படங்கள். இரண்டிலும் காலியான சாலை, வலது தடத்தில் ஒரே கார். படங்களின் கீழே ஏணி இறந்த நாளின் தேதியும் இடமும் நேரமும் அச்சாகியிருந்தன. முதல் படம்: இருபத்தெட்டாவது கிலோமீட்டர், ஆறு மணி பதிமூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. இரண்டாவது: முப்பதாவது கிலோமீட்டர், ஆறு மணி பதினான்கு நிமிடம்.

"நல்ல முன்னுதாரணம்," என்றார் நிதானம். அந்தச் சீட்டை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தார்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, கட்டுப்பாட்டு அறையில் ஐந்தாறு நாற்காலிகள் போடப்பட்டன. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் கையில் தட்டச்சு செய்த வாக்குமூலம். அக்கா ஓரத்தில், சாவியை இறுக்கிப் பிடித்தபடி. மேலாளர் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். திரைகளின் முன் அந்தப் பெண். மீட்டர் ஒரு வெள்ளைப் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவர் முகத்தில் பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த களை.

"முதல்ல லாரி," என்றார் நிதானம். "மீட்டர், நீ சொல்லு."

மீட்டர் தொண்டையைச் செருமினார். "நாற்பது கிலோமீட்டரை எண்பதுல ஓட்டினா சரியா முப்பது நிமிஷம். அதுக்கும் குறைஞ்ச நேரத்துல இந்த லாரியால வரவே முடியாது, கவர்னர் விடாது. எடுத்துக்கிட்டது முப்பது நிமிஷம் நாற்பத்தாறு செகண்டு. ஆக, கையில மிச்சம் இருந்தது நாற்பத்தாறே செகண்டு. அதுக்குள்ள என்னென்ன நடக்கணும்? இருபது டன் சரக்கோட ஓடற லாரி பிரேக் போட்டு நிக்கணும். டிரைவர் இறங்கணும். ஒரு ஆளைத் தூக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் போடணும். திரும்பி ஏறணும். கியர் மாத்தி மாத்தி மறுபடி எண்பதைப் பிடிக்கணும். சார், சரக்கு லாரி நின்னு மறுபடி எண்பதைப் பிடிக்கறதுலயே அந்த நாற்பத்தாறு செகண்டும் போயிடும்!"

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பதினாலு வருஷமா ஓட்டறேன் சார்," என்றார் அக்கா மூலையிலிருந்து. "காலியா இருக்கற பஸ்ஸே அப்படி எழும்பாது."

இன்ஸ்பெக்டர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சராசரி நின்னதைக் காட்டாதுன்னு சொன்னீங்க. உண்மை," என்றார் நிதானம். "நின்ன நேரத்தை வேகத்தால ஈடுகட்டினா சராசரி வாயே திறக்காது. ஆனா ஈடுகட்டறதுக்கு வேகம் வேணும். லாரிகிட்ட அது இல்லை. கார்கிட்ட இருந்துச்சு. நீங்க லாரிக்காரன் வேகமா வந்திருப்பான்னு நினைச்சீங்க. மேலாளர் சீரா வந்திருப்பாருன்னு நினைச்சீங்க. ரெண்டையும் அளந்து பார்க்கலை."

மேலாளர் மெல்லச் சிரித்தார். "என்னையும் சேர்த்துட்டீங்களா? சரி. தொண்ணூத்தெட்டு மேடம். வளைவே சொல்லுதே."

"நீங்க முதல் வளைவைத் தாண்டினது ஆறு ரெண்டு. தொண்ணூத்தெட்டுல போனா முப்பதாவது கிலோமீட்டருக்கு எப்ப வரணும், மீட்டர்?"

"ஆறு இருபதுக்கு மேல."

"நீங்க எப்ப வந்தீங்கன்னு உங்க அறிவிப்புப் பலகையிலயே குத்தி வெச்சிருக்கீங்க. ஆறு பதினாலு." நிதானம் சீட்டின் நகலை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "ஆறு நிமிஷம் முன்னாடி. ரெண்டு படத்துக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர், நாற்பத்தெட்டு செகண்டு. நூத்தைம்பது கிலோமீட்டர் வேகம். இது தடச் சீட்டு. மாடியில இருக்கறவங்க தடத்தை மட்டும் பார்ப்பாங்க, கீழ இருக்கறவங்க வளைவை மட்டும் பார்ப்பாங்க. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கறது இங்க யாருடைய வேலையும் இல்லை. இருபது வருஷமா வேகம்னா ரெண்டு வளைவுக்கு நடுவுல இருக்கறதுன்னே நினைச்சுப் பழகினதால, உங்களுக்கே அது தோணலை."

மேலாளரின் மேல்கால் கீழே இறங்கியது.

"சரி. ஒத்துக்கறேன்," என்றார். குரலில் வெட்கம் கச்சிதமாக வந்தது. "வேகமாத்தான் வந்தேன். என் பதவிக்கு அசிங்கம்னு மறைச்சேன். ரெண்டாவது வளைவுக்கு முன்னாடி ஓரமா நின்னு நேரத்தைக் கழிச்சேன். ஊரே செய்யற திருட்டுத்தனம்தான் அது. அபராதம் போடுங்க. கொலைகாரன்னு சொல்லாதீங்க."

நிதானம் நாற்காலியைத் திருப்பித் திரைகளின் பக்கம் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அந்தப் பெண் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நின்னிருந்தா மணி அடிச்சிருக்கும் சார். அப்படி நின்னு கழிக்கறவங்களைப் பிடிக்கத்தானே நீங்களே உணரி பதிக்கச் சொன்னீங்க? அன்னைக்கு அடிக்கலை."

"மெதுவா ஓட்டினேன். நிக்கலை. மெதுவா..."

"பத்து கிலோமீட்டர் பாக்கி, பன்னிரண்டரை நிமிஷம்," என்றார் மீட்டர், வெள்ளைப் பலகையில் எழுதியபடி. "மணி அடிக்காம போகணும்னா அறுபதுக்குக் குறையக் கூடாது. அறுபதுல போனாலும் பத்தே நிமிஷம். குறைஞ்சது ரெண்டரை நிமிஷம் நீங்க எங்கேயோ நின்னிருக்கீங்க. வழக்கமான வேகத்துல போயிருந்தா ஆறரை நிமிஷம். மணி அடிக்காத இடம் அந்த நாற்பது கிலோமீட்டர்லயும் ஒண்ணே ஒண்ணுதான் சார். முப்பத்தொண்ணாவது கிலோமீட்டர். ஏணியோட வேன் பக்கத்துல."

மேலாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த வாக்குமூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கார் வந்து நின்னப்ப ஏணி கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடலை," என்றார் நிதானம். "தெரியாதவங்களா இருந்தா கூப்பிட்டிருப்பாரு. நீங்க கதவைத் திறந்துபோட்டபடி விட்டுட்டுப் போயிட்டீங்க. கால் மணி நேரம் கழிச்சு, தன் தடத்தை விட்டு நகராத ஒருத்தன் வந்து அதுல இடிச்சான். நடுத்தடத்துல விதியை மீறி ஓட்டியிருந்தான்னா அவன் கண்ணாடி உடைஞ்சிருக்காது. இன்னைக்கு இந்தக் காகிதமும் இருந்திருக்காது."

"நான் எதுக்கு ஏணியைக் கொல்லணும்?" மேலாளரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பெண் பேசுகருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"போன மாசம் மூடுபனி அன்னைக்குப் பலகை அறுபது காட்டலை. நூறுதான் காட்டுச்சு. நான் மூணு தடவை கேட்டேன். இப்பவே குறைக்காதே, வண்டியெல்லாம் தேங்கிடும், மேலேருந்து கூப்பிடுவாங்கன்னு சார் சொன்னாரு. அந்த நாலு பேரும் போனப்புறம் பதிவேட்டுல அறுபதுன்னு மாத்தச் சொன்னாரு." அவள் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள். "மாத்தினது நான்தான். ஏணி அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். பெட்டியில இருக்கற அட்டை பொய் சொல்லாது, நான் போய் எடுத்துட்டு வர்றேன்னாரு. பலகைப் பழுதுன்னு சீட்டு எழுதினோம். சார் எதுவும் கேக்காம கையெழுத்துப் போட்டாரு. சந்தேகப்படலைன்னு நினைச்சோம்."

"பத்து நாளா ஏம்மா சொல்லலை?" என்றார் அக்கா. கோபம் இல்லை, வெறும் கேள்விதான். அதுதான் அந்தப் பெண்ணை உடைத்தது. "பயம்க்கா," என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, மேலாளரிடம் கார் சாவியைக் கேட்டார். கான்ஸ்டபிள் இருவர் கீழே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். காரின் பின்பெட்டியில் ஜாக்கி இருந்தது. அதன் உருண்டை இரும்புக் கைப்பிடி இல்லை.

"அது தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு," என்றார் மேலாளர். அவர் சற்று நேரம் திரைகளையே பார்த்தார். வண்டிகள் மூன்று தடங்களிலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "அட்டையைக் குடுன்னுதான் கேட்டேன். நாலு பேர் செத்துட்டாங்க, இனிமே யாருக்கு என்ன லாபம்னு எவ்வளவோ சொன்னேன்," என்றார்.

"கேக்கறதுக்குப் போனவர் நூத்தைம்பதுல போக வேண்டியதில்லை," என்றார் நிதானம். "நேரத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டுத்தான் போயிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

*

தம்பியை வெளியே விட மதியம் ஆகிவிட்டது. பெல்ட்டையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். நிலைய வாசலில் வெயில் கண்ணைக் கூச, சற்று நேரம் படியிலேயே நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்திருந்தார், சின்னப் பையனைச் சாலை கடக்கவைப்பதுபோல.

"நீ ஒண்ணும் பண்ணலைடா. கேட்டியா? அந்த மேலாளர்தான். நீ வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

"சொன்னாங்க," என்றான். பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பினான். "மேடம், நான் அந்தக் கதவுல இடிச்சப்ப அவரு உயிரோட இருந்தாரா?"

டாக்டர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மீட்டரும் படித்திருந்தார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"தெரியலைப்பா," என்றார் நிதானம். "அடிபட்டப்புறம் பத்து நிமிஷத்துலேருந்து அரை மணி நேரத்துக்குள்ள உயிர் போயிருக்கும்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீ போனது அந்த நேரத்துக்கு உள்ளதான். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நீ நின்னிருந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்திருப்பியான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"மேடம்!" என்றார் மீட்டர், தாங்க மாட்டாமல்.

"வழக்கு நடக்கும்போது அந்த அறிக்கையைக் கோர்ட்டுல வாசிப்பாங்க மீட்டர். இவர் சாட்சிக் கூண்டுல நிப்பாரு. அங்க வெச்சுத்தான் முதல்முறையா கேக்கணுமா?"

தம்பி தலையாட்டினான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நேற்றைப்போல் குனிந்திருக்கவில்லை. செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டான்.

"அவரு வீடு எங்க இருக்கு?"

"எதுக்குடா?" என்றார் அக்கா.

"சம்சாரம் இருப்பாங்கள்ல. கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன், நிக்காம போயிட்டேன்னு நான்தானே சொல்லணும்."

"அவங்க உன்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

அக்கா அவனைப் பார்த்தார். பிறகு மீட்டரிடம் முகவரி கேட்டார். மீட்டர் தன் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொடுத்தார். வழக்கமாக வழி விளக்கத் தொடங்கினால் நிறுத்தாதவர், அன்று இரண்டே வரியோடு முடித்துக்கொண்டார்.

"மூணு மணிக்குப் பசங்களை ஏத்தணும். அதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம்," என்றார் அக்கா தம்பியிடம். "ஏறு."

அவன் பேருந்தில் ஏறி, குழந்தைகளுக்கான குட்டி இருக்கைகளில் ஒன்றில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான்.